30,000 யூரோ காப்பீடு: விசா முகப்பில் செல்லும், மருத்துவமனையில் செல்லுமா?

ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலா விசா கோருபவர்களுக்காகவே விற்கப்படும் பயண மருத்துவக் காப்பீட்டில் பெரும்பாலும் இரண்டு தரங்கள் இருக்கின்றன. விசா விதி கேட்பதை மட்டும் தரும் அடிப்படைத் திட்டம் ஒன்று. காப்பீட்டுத் தொகையும் வசதிகளும் கூடிய விரிவான திட்டம் மற்றொன்று. ஒரே நிறுவனத்தின் இவ்விரண்டையும் அண்மையில் வாங்கினேன். எனக்கு அடிப்படைத் திட்டம். நெடுங்காலமாக இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்ளும் என் தாயாருக்கு விரிவான திட்டம். வாங்குவதற்கு முன் வேறு சில நிறுவனங்களின் பாலிசி விதிமுறைகளையும் முழுமையாகப் படித்து ஒப்பிட்டேன். விசா பெறுகிற வரையில் இரண்டு தரங்களுக்கும் எவ்வித வேறுபாடும் தெரிவதில்லை. நோய் வந்து மருத்துவமனை வாசலை மிதித்த பிறகுதான் வேறுபாடு முழுவதும் தெரிகிறது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் இவ்வகைத் திட்டங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை.

முதலில் விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டில் இயற்றி, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விசா நெறிமுறையின் 15ஆம் பிரிவு, விண்ணப்பதாரர் போதுமான, செல்லுபடியாகும் பயண மருத்துவக் காப்பீடு வைத்திருப்பதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. அந்தக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்ல வேண்டும். அங்கே தங்கும் காலம் முழுவதையும் உள்ளடக்க வேண்டும். அவசர மருத்துவ உதவி, அவசர மருத்துவமனைச் சிகிச்சை, மருத்துவக் காரணத்தால் சொந்த நாட்டிற்குத் திருப்பி அனுப்புதல், இறப்பு ஆகியவற்றால் எழும் செலவுகளை ஏற்க வேண்டும். இந்தச் சான்று இல்லையென்றால் அதுவே விசாவை மறுக்கப் போதுமான காரணம் என்று அதே நெறிமுறையின் 32ஆம் பிரிவு கூறுகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 30,000 யூரோ என்ற இந்த எல்லை 2004 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இன்றுவரை ஒரு யூரோகூட உயரவில்லை. 2007இல் 60 யூரோவாக இருந்த விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோவாகிவிட்டது. கட்டணத்தை உயர்த்தியவர்கள் காப்பீட்டின் எல்லையை அப்படியே விட்டுவைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் கிடக்க நேர்ந்தாலோ, மருத்துவர் துணையுடன் விமானத்தில் கண்டம் தாண்டி அழைத்துவர நேர்ந்தாலோ, அந்தத் தொகை போதாமல் போகும் வாய்ப்பு நிறையவே உண்டு.

வாங்கியவுடன் மின்னஞ்சலில் வந்த சான்றிதழைப் பொறுத்தவரை நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். விசா விண்ணப்ப மையத்தின் முகப்பில் எவரும் பாலிசியின் நீண்ட விதிமுறைகளைப் படிப்பதில்லை. ஒற்றைப் பக்கச் சான்றிதழைத்தான் பார்க்கிறார்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், யூரோவிலேயே குறிக்கப்பட்ட தொகை, தொடக்க நாள், முடியும் நாள், தாயகம் திருப்பி அனுப்பும் செலவு ஏற்கப்படும் என்ற வரி, அனைத்து ஷெங்கன் நாடுகளிலும் செல்லும் என்ற தொடர் ஆகிய யாவும் அதில் தெளிவாக இருந்தன. நான் ஒப்பிட்ட இன்னொரு நிறுவனத்தின் மாதிரிச் சான்றிதழில் ‘ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்’ என்று மட்டும் இருந்தது. இது சிறிய பிழையன்று. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகியவை ஷெங்கனில் இருக்கின்றன, ஒன்றியத்தில் இல்லை; அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. நாடுகளின் பெயர்களை வரிசையாக அச்சிடும் சான்றிதழாக இருந்தால், 2023இல் சேர்ந்த குரோஷியாவும், 2025 ஜனவரியில் நில எல்லைகளும் திறக்கப்பட்டு முழுமையாக இணைந்த பல்கேரியாவும் ருமேனியாவும் உட்பட 29 நாடுகளும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாட்களைக் கணக்கிடுவதிலும் கவனம் தேவை. ஷெங்கன் கணக்கில் நுழையும் நாளும் வெளியேறும் நாளும் தங்கிய நாட்களாகவே எண்ணப்படும். திரும்பும் விமானம் நள்ளிரவைத் தாண்டிப் புறப்படுமானால் வெளியேறும் நாள் ஒன்று தள்ளிப்போகிறது, காப்பீடோ முந்தைய நாளோடு முடிந்திருக்கும். பயணத்தின் இரு புறமும் ஓரிரு நாட்கள் கூடுதலாக எடுத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. எங்கள் நிறுவனத்தின் இணையதளம் தேதிகளை உள்ளிடும்போதே இதை நினைவூட்டியது; நல்ல ஏற்பாடு.

இனித் திட்டத்தின் உள்ளடக்கம். அடிப்படைத் திட்டத்தின் முகப்பில் 30,000 யூரோ என்ற எண் பெரிதாக நிற்கிறது. உள்ளே போனால் அந்த எண்ணை மூன்று திசைகளிலிருந்து குறைக்கிறார்கள். முதலாவது, ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை. இது இருந்தால் சில தூதரகங்கள் சான்றிதழையே ஏற்பதில்லை என்பதால், இது பூஜ்யமா என்று கேட்டு எழுத்தில் பெறுவது நல்லது. இரண்டாவது, உள்வரம்புகள். குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகை, அறுவைச் சிகிச்சை, மருத்துவர் கட்டணம், பரிசோதனைகள் என்று தனித்தனியாக உச்சவரம்பு வைத்துவிடுகிறார்கள்; மொத்தத் தொகை எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு தலைப்பிலும் அந்த வரம்பைத் தாண்டிப் பணம் வராது. மூன்றாவதும் மிகக் கடுமையானதும், முன்பே உள்ள நோயால் எழும் செலவை ஏற்பதில்லை என்ற விலக்கு. அடிப்படைத் திட்டத்தில் இந்த விலக்கு முழுமையானது. விரிவான திட்டத்தில், உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டால் மட்டும் ஒரு வரம்புக்கு உட்பட்டுச் செலவை ஏற்பதாக எழுதியிருந்தார்கள். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ள முதியவருக்கு, இந்த ஒரு வரிக்காகவே விரிவான திட்டத்தை வாங்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஏற்கெனவே உள்ள நோயை விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது. பிறகு எழும் எந்தக் கோரிக்கையையும் மறுக்க அது நிறுவனத்தின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதமாகிவிடும்.

வியன்னாவில் தங்கியிருந்தபோது என் தாயாருக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு, நுரையீரல் தொற்று என்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஐரோப்பா முழுவதும் இயங்கும் 112 என்ற அவசர எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைத்த கையோடு, காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்திற்கும் தகவல் சொன்னோம். சான்றிதழில் அச்சிட்டிருந்த கட்டணமில்லா எண் அங்கிருந்து இணையவில்லை. அதன் கீழே இருந்த சாதாரண எண் உடனே இணைந்தது. பேசிய ஊழியர் பொறுமையாகவும் தெளிவாகவும் கேட்டு, கோரிக்கைக்கு ஓர் எண்ணும் கொடுத்தார். ஆனால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய பண உத்தரவாதக் கடிதம் வந்துசேர மறுநாள் ஆயிற்று. அதற்குள் மருத்துவமனை முன்பணம் கேட்டது, நாங்கள் கடன் அட்டையில் செலுத்தினோம். கேஷ்லெஸ், அதாவது நாம் பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்குச் செலுத்தும் முறை, என்ற சொல்லை விளம்பரத்தில் இவ்வளவு பெரிதாக அச்சிடும் ஒரு சேவை, முதல் இரவின் முன்பணத்திற்கு என்ன செய்வது என்பதையும் அதே பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். கடன் அட்டையில் போதிய வரம்பு இல்லாத ஒரு முதியவர் தனியாகப் பயணம் செய்திருந்தால் அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணும்போது கவலையாக இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு கோரிக்கைப் பிரிவோடு நடந்த கடிதப் போக்குவரத்துதான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. மருத்துவமனையின் வெளியேற்ற அறிக்கையில், நோயாளிக்கு முன்பிருந்தே இரத்த அழுத்தம் உண்டு என்று வழக்கமான ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, நுரையீரல் தொற்றுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று நிறுவனம் விளக்கம் கேட்டது. சிகிச்சை அளித்த மருத்துவரிடமிருந்து, தொற்று புதிதாக ஏற்பட்டது என்று ஒரு குறிப்பைப் பெற்று அனுப்பிய பிறகே கோப்பு நகர்ந்தது. ஜெர்மன் மொழியில் இருந்த ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பும் கேட்டார்கள், அந்தச் செலவு எங்களுடையது. முடிவில் முன்பணமும் மருந்துச் செலவும் திரும்பக் கிடைத்தன, மருத்துவமனையின் மீதித் தொகையை நிறுவனமே நேரடியாகச் செலுத்தியது. பணம் தருவதில் நேர்மையாக நடந்துகொண்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதே நோய்க்கு அடிப்படைத் திட்டத்தில் என்ன கிடைத்திருக்கும் என்று விதிமுறையை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தபோது, வயதுக்கான உள்வரம்புகளிலேயே கட்டணத்தின் பெரும்பகுதி எங்கள் தலையில் விழுந்திருக்கும். மருத்துவமனையிலிருந்து வெளியேறும் முன்பே அறிக்கை, விவரமான கட்டணச் சீட்டு, பணம் செலுத்திய ரசீது, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் மூலப் படிகளையும், நோய் புதியதா பழையதா என்பது பற்றிய மருத்துவரின் குறிப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பிய பின் மின்னஞ்சலில் கேட்டுப் பெறுவது மிகவும் சிரமம்.

கடன் அட்டையோடு இலவசமாக வரும் பயணக் காப்பீட்டைக் காட்டி விசா பெறலாமா என்று பலர் கேட்கிறார்கள். மேலே சொன்ன வரிகள் அனைத்தும் உள்ள சான்றிதழை வங்கி தருமானால் தடையில்லை. ஆனால் பயணச்சீட்டை அதே அட்டையில் வாங்கியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் பெரும்பாலும் உண்டு. மற்ற நாடுகளின் விதி ஒன்றுபோல் இல்லை. கியூபா 2010 மே முதல் வருகையாளர் அனைவரிடமும் மருத்துவக் காப்பீட்டை எதிர்பார்க்கிறது. கனடா தன் சாதாரண வருகையாளர் விசாவுக்கு இதைக் கட்டாயமாக்கவில்லை. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் தரும் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்பீட்டை, நுழையும் நாளிலிருந்து ஓராண்டுக்குக் கேட்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் சுற்றுலா விசாவுக்குக் காப்பீட்டுச் சான்று கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதற்காக, மருத்துவக் கட்டணம் மிக அதிகமான அமெரிக்காவுக்குக் காப்பீடு இன்றிப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விசா மறுக்கப்பட்டால், காப்பீட்டின் தொடக்க நாளுக்கு முன்பே மறுப்புக் கடிதத்தை அனுப்பும்பட்சத்தில், சிறு நிர்வாகக் கட்டணம் போகப் பிரீமியத்தைத் திருப்பித் தருவதாக இந்த நிறுவனத்தின் விதிமுறை கூறுகிறது. பல நிறுவனங்களில் இந்த வசதி இருக்கிறது, பணம் செலுத்தும் முன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பலமுறை நுழையும் விசா கிடைத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது முதல் பயணத்துக்கான காப்பீடு மட்டுமே காட்ட வேண்டும். பின்வரும் பயணங்களுக்கும் காப்பீடு தேவை என்பதை அறிவேன் என்று விண்ணப்பப் படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். விசா பல ஆண்டுகளுக்குச் செல்லும், பாலிசியோ முதல் பயணத்தோடு முடிந்துவிடும். ஓராண்டுக்குப் பலமுறை பயணிக்கும் திட்டமும் இதே நிறுவனத்தில் உண்டு. அதில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாட்கள்தான் என்ற வரம்பு இருப்பதால், நீண்ட நாட்கள் தங்குபவர்கள் அதை வாங்கும் முன் தம் பயணத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் விசாவில் இன்னும் காலம் மீதமிருக்கிறது. அடுத்த பயணத்துக்கு எனக்கும் விரிவான திட்டத்தையே, இதே நிறுவனத்திடம் வாங்குவதாக இருக்கிறேன்.