பீட்டா ஓஎஸ் போடலாம், திரும்பி வர என்ன செலவு?

புது ஓஎஸ் வெளிவருமுன் அதன் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்க்கிறவர்கள் ஸ்டார்ட் மெனு எப்படி இருக்கிறது, ஐகான் மாறியதா என்றுதான் முதலில் பேசுவார்கள். சேலத்தில் கடைகளின் சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அதெல்லாம் அப்புறம். போட்டது ஒத்துவரவில்லை என்றால் பழைய நிலைக்கு வர ஒரு ரீஸ்டார்ட் போதுமா, ஒரு ராத்திரி போகுமா, இல்லை ஃபார்மட்தானா? விண்டோஸ் இன்சைடர், லினக்ஸ் வகைகளான உபுண்டு பீட்டா, டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா நான்கையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். மேக் பீட்டாவை விட்டுவிடுகிறேன். நான் போகும் கடைகளில் மேக் கிடையாது.

வெளிவராத விண்டோஸை முன்கூட்டியே தரும் இன்சைடர் திட்டம் 2014-ல் விண்டோஸ் 10-ஓடு தொடங்கியது. 2023 மார்ச்சில் கேனரி வந்தபோது கேனரி, டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவியூ என்று, முரட்டுச் சோதனையிலிருந்து வெளியீட்டுக்கு நெருங்கியது வரை, நான்கு சேனல் ஆயிற்று. "எல்லாமே பீட்டாதானே தம்பி, எதையாவது போட்டு விடுங்க" என்பார்கள் கடைக்காரர்கள். எல்லாம் ஒன்றில்லை. பீட்டாவிலும் ரிலீஸ் பிரிவியூவிலும் இருந்தால், அந்தப் பதிப்பு பொதுவில் வெளியாகும் நாளில் சத்தமில்லாமல் விலகிக்கொள்ள செட்டிங்கிலேயே வழி உண்டு. கேனரிக்குள் போனால் வெளியே வர சிஸ்டத்தைத் துடைத்துப் புதிதாக ஏற்ற வேண்டியதுதான். டெவ்வும் பெரும்பாலும் அப்படியே. எப்போதாவது பீட்டாவுக்கு மாற ஒரு இடைவெளி திறப்பார்கள், அதைத் தவறவிட்டால் போச்சு. பழைய விண்டோஸுக்குத் திரும்பும் 'கோ பேக்' பட்டன் சாதாரணமாக 10 நாள்தான் உயிரோடு இருக்கும். டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று யாராவது கிளீனப் ஓட்டி பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்தப் 10 நாளும் இல்லை.

கடைக்கு இது ஏன் முக்கியம்? செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையானாலும் அம்மாபேட்டை நூல் கடையானாலும், மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதி 3பி என்ற வரிக் கணக்கு. கணக்கு மென்பொருளான டேலி திறக்க வேண்டும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யூஎஸ்பியில் தெரிய வேண்டும். புது பில்டில், அதாவது புதிதாக வந்த சோதனைப் பதிப்பில், டோக்கனின் டிரைவர் மக்கர் செய்தால் ஆடிட்டருக்கு என்ன பதில் சொல்வது? ஆகவே பில் போடும் சிஸ்டத்தில் ரிலீஸ் பிரிவியூவைத் தாண்டி நான் போவதில்லை. அதையும் 21-ஆம் தேதிக்கு மேல்தான் தொடுவேன். டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் அதுவும் இல்லை.

இன்னொரு சங்கடம், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். ஐந்து ரோடு பக்கம் அசெம்பிள் செய்து வாங்கிய பழைய நான்காம் தலைமுறை ஐ3 சிஸ்டங்களுக்கு இன்சைடர் கதவு முறைப்படி திறக்காது. அவற்றுக்கு லினக்ஸ் வரிசைதான்.

அந்த வரிசையில் உபுண்டுவைத்தான் முதலில் கையில் எடுப்பேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியீடு, அதற்கு மூன்று நான்கு வாரம் முன் பீட்டா. பீட்டாவை ஏற்றிவிட்டு அப்டேட் மட்டும் செய்துகொண்டிருந்தால் வெளியீட்டு நாளில் அதுவே முழுப் பதிப்பாகிவிடும், மறுபடி ஏற்ற வேண்டாம். ஆனால் உள்ளே போட்டுவிட்டுப் பழைய பதிப்புக்கு இறங்குவதற்கு ஒழுங்கான வழி கிடையாது. அதனால்தான் ஏற்றாமலே பார்க்கும் வசதிக்கு மதிப்பு. பென் டிரைவிலிருந்து பூட் செய்து 'டிரை' கொடுத்தால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் ஓடும். விண்டோஸில் இதற்கு நிகராக இருந்த 'விண்டோஸ் டு கோ'வை 2020-லேயே எடுத்துவிட்டார்கள்.

இப்படி பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டும்போது நான் பார்ப்பது வால்பேப்பரை அல்ல. வைஃபை பிடிக்கிறதா, மூடியை மூடித் திறந்தால் ஸ்கிரீன் வருகிறதா, டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பில் தாள் வரி மாறாமல் ஓடுகிறதா, பிறகு தமிழ்99 விசைப்பலகை. கீபோர்ட் பட்டியலில் இருக்கும் தமிழ்நெட்99 எழுத்தைத் தரும், ஆனால் 'பக்கம்' என்று வேகமாக அடிக்கும்போது முதல் 'க'வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டுமென்றால் எம்17என் என்ற உள்ளீட்டு நிரல் வழியாக வருவதைச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்து லிப்ரே ஆபீஸில் ஒரு பத்தி அடித்தால், சோதனைப் பதிப்பின் லட்சணம் பாதி தெரிந்துவிடும். விண்டோஸில் தமிழ்99 உள்ளேயே வந்தது 2019 மே அப்டேட்டில்தான்.

சிஸ்டத்துக்குள் ஒரு பொய் சிஸ்டத்தை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸில் போட்டுப் பார்த்தால் ஆபத்தே இல்லையே என்பார்கள். ஆபத்தும் இல்லை, பெரிதாகப் பயனும் இல்லை. சோதனைப் பதிப்பில் சொதப்புவது பெரும்பாலும் கிராபிக்ஸ், வைஃபை, ஸ்லீப். விர்ச்சுவல் மெஷின் அந்த மூன்றையும் மறைத்துவிடும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பழைய ஃபைல்களெல்லாம் கோரல் டிராவில், யூனிகோடு அல்லாத ஃபான்ட்டில் இருக்கின்றன. லினக்ஸ் பீட்டா உங்களுக்கு வேண்டாம்.

டெபியன் டெஸ்டிங் வேறு ரகம். டெபியனின் முதல் படியான அன்ஸ்டேபிளுக்கு வந்த பேக்கேஜ் (நிரல் தொகுப்பு), பெரிய பிழை இல்லையென்றால், அவசரத்தைப் பொறுத்து 2 முதல் 10 நாள் கழித்து டெஸ்டிங்குக்கு இறங்கும். பார்க்க நிதானம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் அதே வரிசையில் நிற்க நேரும் என்பதை யாரும் சொல்வதில்லை. 2024 மார்ச் 29-ல் எக்ஸ்இஸட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் நிரலில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்துச் சொன்னார். வேறொரு சிஸ்டத்துக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமானதைப் பார்த்து நூல் பிடித்துப் போனவர். கெட்டுப்போன 5.6.0, 5.6.1 பதிப்புகள் டெபியன் டெஸ்டிங்கிலும் ஃபெடோராவின் சோதனை வரிசையான ராஹைடிலும் நுழைந்திருந்தன. டெபியன் ஸ்டேபிள் தப்பியது. இதனால் உபுண்டு 24.04-ன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 11-ல் விட்டார்கள். சோதனைப் பதிப்பில் வங்கிப் பாஸ்வேர்டு வேண்டாம் என்று நான் சொன்னால் சிரிப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஃபெடோராவில் ராஹைடு தினமும் மாறும். அதன் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சில நாள் பிழை தேடும் சோதனைகளோடு கட்டப்பட்டு வருவதால் மந்தமாகவும் ஓடும். சாதாரண ஆளுக்கு அது எதற்கு? ஆனால் அதே வீட்டுப் பிள்ளையான சில்வர்ப்ளூதான் என் கணக்கில் நான்கிலும் முந்துகிறது. அதில் சிஸ்டம் மொத்தமும் ஒரே படிமம். பீட்டாவின் படிமத்துக்கு மாறினால் ('ரீபேஸ்' என்பார்கள்) பழைய படிமம் அழியாமல் பூட் மெனுவில் இரண்டாவது வரியாக நிற்கும். பிடிக்கவில்லையா, ரீஸ்டார்ட் செய்து அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: சிஸ்டம்தான் திரும்பும், ஹோம் ஃபோல்டர் திரும்பாது. புது ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட புரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும்.

ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்களுக்குக் கணக்கே வேறு. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, நெட் என்பது போன் ஹாட்ஸ்பாட், தினம் 2 ஜிபி பிளான். இன்சைடரின் புது பில்ட் ஒன்று சில ஜிபி, அதுவே ஓரிரு நாள் டேட்டாவை விழுங்கும். பாதியில் கரண்ட் போனால் டெபியன் குடும்பத்தில் பேக்கேஜ் அரைகுறையாக நிற்கும். கட்டளை கொடுத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் மலை மேல் அதைச் செய்ய ஆள்? சில்வர்ப்ளூ புதுப் படிமத்தைத் தனியே கட்டி முடித்த பிறகே மாறுவதால் பழையதற்கு ஒன்றும் ஆகாது. மலையில் யாராவது பீட்டா கேட்டே தீருவேன் என்றால் இதைத்தான் போடுவேன், அதுவும் கீழே சேலத்திலேயே ஏற்றிக் கொடுத்து அனுப்புவேன்.

கடைசியாக, பிழையை எழுதும் இடம். 2018 அக்டோபர் விண்டோஸ் 10 அப்டேட் சிலரின் ஃபைல்களை அழித்தது. அதே பிழையை இன்சைடர்கள் பிழைகளை எழுதும் ஃபீட்பேக் ஹப் செயலியில் முன்னமே எழுதியிருந்தார்கள், ஓட்டு விழாததால் மேலே வரவில்லை. பிறகுதான் எவ்வளவு தீவிரம் என்று குறிக்கும் வசதி சேர்த்தார்கள். அங்கே எழுதினால் அந்தத் தீவிரத்தைக் குறிக்காமல் விடாதீர்கள். உபுண்டுவில் லான்ச்பேட் என்ற பிழைப் பதிவுத் தளத்தில் எழுதினால் பிழைக்கு ஓர் எண் கிடைக்கும், யார் எடுத்தார், எங்கே நிற்கிறது என்று தொடரலாம். தமிழ் உள்ளீட்டில் கோளாறு தென்பட்டால் எந்த விசையை எந்த வரிசையில் அழுத்தினீர்கள், என்ன விழுந்தது என்பதோடு பீட்டா வந்த முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். வெளியீடு நெருங்க நெருங்க, பெரிய உடைப்புகளைத் தவிர வேறெதற்கும் அவர்கள் கை வைக்கத் தயங்குவார்கள்.