ஸ்லைடு டாப்பர் போடலாமா, வேண்டாமா? பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு தெரியவருபவை

டிராவல் டிரெய்லரில், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டில், நிறுத்தியபின் சுவரிலிருந்து வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பெட்டிதான் ஸ்லைடு-அவுட். அது வெளியே நீண்டு நிற்கும்போது அதன் கூரை வெயில், மழை, சருகு எல்லாவற்றையும் நேரடியாக வாங்கிக்கொள்கிறது. உள்ளே இழுக்கும்போது அந்தக் கூரை வீட்டுக்குள் வருகிறது. கூரையில் கிடந்தது எதுவோ அதுவும் கூடவே வரப் பார்க்கும். அதைத் தடுக்க இருப்பது சுவரின் மேல் விளிம்பில் உள்ள ஒரு வைப்பர் சீல் மட்டுமே. பைன் ஊசி, காய்ந்த குச்சி, ஓக் மரத்துக் காய் போன்றவை அந்த ரப்பர் நாக்கின் அடியில் சிக்கினால் சீல் மடங்கும். மடங்கிய இடத்தில் தண்ணீர் நுழையும். சில சமயம் குச்சி இழுபட்டு, கூரையின் ரப்பர் சவ்விலேயே நீளமாகக் கோடு போட்டுவிடும்.

ஸ்லைடின் கூரைக்கு மேல் விரியும் துணி மறைப்பான ஸ்லைடு டாப்பர் இதற்கான விடை. ஸ்பிரிங் உள்ள ஒரு ரோலர், ஸ்லைடின் வெளி முகப்பில் இரண்டு பிராக்கெட்டுகளில் உட்காரும். துணியின் மறுமுனை டிரெய்லர் சுவரில் உள்ள ரெயிலில் கோர்க்கப்படும். ஸ்லைடு வெளியே போகப் போகத் துணி தானாக விரியும். உள்ளே வரும்போது தானாகச் சுருளும். மோட்டாரும் இல்லை, சுவிட்சும் இல்லை. கேர்ஃப்ரீ, டொமெட்டிக், லிப்பர்ட்டின் சொலேரா என எந்த நிறுவனத்தினுடையதை எடுத்தாலும் அடிப்படை இதுதான்.

வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். டாப்பர் ஒரு குடை மட்டுமே. சீலின் வேலையை அது செய்யாது. ஸ்லைடு ஏற்கெனவே ஒழுகுகிறது என்பதற்காக இதை வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை துணிக்கு அடியில் பக்கவாட்டில் புகுந்துவிடும். மூலைகளில் பல்ப் சீல் (குழாய்போல் உள்ளீடற்ற ரப்பர் சீல்) சரியாக அழுந்தாமல் இருந்தால் ஒழுக்கு அப்படியே தொடரும். இதைவிடக் கெடுதல், லேசான மழையில் ஒழுக்கு நின்றுபோனதுபோல் தோன்றும். அதற்குள் தரைப்பலகையின் விளிம்பு ஊறி மென்மையாகிவிடும். எனவே முதலில் சீலைச் சரிசெய்யுங்கள். ஸ்லைடை முழுக்க நீட்டிவிட்டு, ஒரு காகிதத் துண்டைப் பல்ப் சீலுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடம் அழுந்தவில்லை. மேல் மூலைகள் இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

டாப்பர் யாருக்கு வேண்டும் என்பதை முடிவுசெய்வது நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள், எத்தனை முறை மூடித் திறக்கிறீர்கள் என்பதே. மரத்தடியில் வாரக்கணக்கில் நிறுத்துபவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாறுபவர்களுக்கும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ஏணி ஏறிக் கூரையைக் கூட்டுவது நடக்கிற காரியமில்லை, ஈரக் கூரையில் ஏறுவது ஆபத்தும்கூட. மாறாக, திறந்த வெளியில், பலத்த காற்று வீசும் சமவெளியிலும் கடற்கரையிலும் பெரும்பாலும் தங்குபவர்களுக்கு டாப்பர் நன்மையைவிடத் தொந்தரவையே அதிகம் தரும். அவர்களுக்கு நீட்டிக்கக்கூடிய கைப்பிடியுள்ள ஒரு மென்மையான பிரஷும், நல்ல நிலையில் உள்ள சீலும் போதும். மின்கலத்தில் ஓடும் இலை ஊதி ஒன்று இருந்தால், காய்ந்த சருகைத் தரையில் நின்றபடியே தள்ளிவிடலாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டாப்பரை வெறுப்பவர்கள் வெறுப்பது இதனால்தான். துணிக்கும் ஸ்லைடின் கூரைக்கும் நடுவே சில அங்குல இடைவெளி இருக்கும். காற்று பக்கவாட்டில் புகுந்தால் துணி படகின் பாய்போல் மேலே உப்பும், பிறகு பட்டென்று கீழே அடிக்கும். படுக்கை அந்த ஸ்லைடில் இருந்தால் இரவு முழுக்கத் தலைக்கு மேல் அந்த ஓசைதான். ஸ்பிரிங் இழுவையைக் கூட்டினால் சற்றுக் குறையும், முழுவதும் போகாது. காற்று கடுமையானால் அந்த ஸ்லைடை உள்ளே இழுத்துவிடுவதே சரி. அதனால், ஸ்லைடு மூடியிருக்கும்போதும் படுக்கவும் நடக்கவும் இடம் கிடைக்கிறதா என்பதையும் டாப்பர் வாங்கும் முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

சாலையில் வேறொரு சிக்கல். வேகமாக இழுத்துச் செல்லும்போது பக்கக் காற்றோ எதிரே வரும் லாரியின் காற்றோ, சுருண்ட துணிக்கும் ரெயிலுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு பட்டையைப் பிடித்து இழுக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ரோலர் சுழன்று துணி பல அடி வெளியே வந்துவிடும். அதன்பின் கிழிய நேரமாகாது. மூடிய நிலையில் ரோலரைச் சுழலவிடாமல் பிடிக்கும் பூட்டு சில மாடல்களில் உள்ளது. இரண்டு மாடல்களுக்கு நடுவில் தயங்கினால் இந்தப் பூட்டு உள்ளதையே எடுங்கள். பூட்டு இல்லாததற்கு ரோலரைச் சுற்றிப் பட்டை கட்டலாம். ஆனால் பட்டையை அவிழ்க்க மறந்து ஸ்லைடை நீட்டினால் துணியோ பிராக்கெட்டோ போய்விடும். ஆகவே ஸ்லைடு சுவிட்சின் மேல் ஒரு சிவப்புத் துணித்துண்டைத் தொங்கவிடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேங்கும் தண்ணீர். துணி ஏறக்குறைய கிடைமட்டமாகவே இருப்பதால் பெருமழையில் நடுவில் தொட்டிபோல் குழியும். 14 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள துணியின் பரப்பு 42 சதுர அடி, கிட்டத்தட்ட 3.9 சதுர மீட்டர். அதன் மேல் சராசரியாக 1 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 39 லிட்டர். அதாவது 39 கிலோ. இந்தப் பாரம் ஸ்பிரிங்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும், துணியையும் நிரந்தரமாகத் தொய்யவைக்கும். டிரெய்லரை நிறுத்தும்போது ஸ்லைடின் ஒரு முனை லேசாகத் தாழ்ந்திருக்கும்படி, முன்பின் மட்டத்தில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்தால் தண்ணீர் பெரும்பாலும் வழிந்துவிடும். உறிஞ்சும் முறையில் (கம்ப்ரசர் இல்லாமல், சூட்டால்) இயங்கும் குளிர்பெட்டி இருந்தால், அது சாய்வில் சரியாக இயங்காது என்பதால் இந்தச் சாய்வு கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளவும். நீச்சல் பழகப் பயன்படும் நுரைக் குழாய்களைத் துணிக்கு அடியில் குறுக்காக வைத்து முதுகுபோல் உயர்த்துபவர்களும் உண்டு. அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஸ்லைடை மூடும் முன் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் குழாய் நேராக வைப்பர் சீலில் போய்ச் சிக்கும்.

மழை நின்றபின் ஸ்லைடைச் சற்று உள்ளே இழுத்து மீண்டும் நீட்டினால் தேங்கியது கொட்டிவிடும். ஸ்லைடை நகர்த்தும் இயக்கம் ஸ்வின்டெக் வகையாக உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அதில் இருபக்கமும் தனித்தனி மோட்டார்கள். பாதியில் நிறுத்தி நிறுத்தி இயக்கினால் இரண்டும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகிவிடும். முழுக்க நீட்டியபின் மோட்டார் ஓசை நிற்கும்வரை சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அவை மறுபடி ஒத்துவரும்.

பனி விழும் ஊர்களில் டாப்பர் மேல் பனி குவிய விடவே கூடாது. உறைந்த துணியைச் சுருட்டினால் வெடிக்கும். இங்கே வேறு வழி எதுவும் இல்லை, ஸ்லைடை மூடிவைப்பதுதான்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். இதைச் சொந்தமாகச் செய்யலாம்; இரண்டு ஏணி, மூன்று பேர் இருந்தால் நல்லது. சில டிரெய்லர்களில் ரெயில் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருக்கும். ஸ்லைடுக்கு மேலே, துணியின் ஓரத்தில் உள்ள கயிறு நுழையும்படி வாய் பிளந்த அலுமினியப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலையில் பாதி முடிந்தது. இல்லாவிட்டால் சுவருக்குள் திருகு பிடிக்க மரச்சட்டமோ உலோகத் தகடோ எந்த உயரத்தில் உள்ளது என்று டிரெய்லர் தயாரித்தவரிடம் கேட்டபிறகே துளையிட வேண்டும். வெறும் ஃபைபர்கிளாஸ் தோலில் ஏற்றிய திருகு, ஸ்பிரிங்கின் இடைவிடாத இழுவையில் ஒரு பருவத்துக்குள் கழன்றுவரும். அந்த ஓட்டை வழியே தண்ணீரும் இறங்கும்.

அளவெடுக்கும்போது தவறு நடக்கும் இடம் இது: ஸ்லைடின் பெட்டி ஒரு அளவு, அதன் வெளி முகப்பைச் சுற்றியுள்ள விளிம்புப் பட்டை இன்னொரு அளவு. துணி பெட்டியின் கூரையை இருபுறமும் தாண்டி மூட வேண்டும். பிராக்கெட்டோ விளிம்புப் பட்டைக்குள் அடங்க வேண்டும். இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு, நிறுவனத்தின் அட்டவணை கேட்பது எதை என்று பார்த்து வாங்குங்கள். ஸ்லைடு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதையும் அளந்துகொள்ளவும்.

ரெயிலுக்குப் பின்னால் முழு நீளத்துக்கும் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை முறுக்கி, பிதுங்கியதை வழித்தெடுத்து, மேல் விளிம்பில் சீலன்ட் இழுக்க வேண்டும். துணியை நுழைக்கும் முன் ரெயிலின் வாயை அரத்தால் நன்றாக மழுக்கி, சற்று அகட்டி, உலர் சிலிகோன் தெளிப்பு அடித்துக்கொள்ளுங்கள். கூரான அந்த ஓரத்தில் புதுத் துணி முதல் நாளே கிழிந்துபோவது மிகச் சாதாரணமாக நடப்பது. ரோலரும் ரெயிலும் இணையாக இல்லாவிட்டால் துணி ஒரு பக்கமாக ஏறிச் சுருளும், ஓரம் உரசி நூல் பிரியும். சரியாக உட்கார்ந்தபின் துணியின் இரு ஓரத்திலும் ரெயிலில் ஒவ்வொரு சிறு திருகு போட்டுவிட்டால் நகராது.

ஸ்பிரிங்கிடம் மரியாதை வேண்டும். முறுக்கேறிய ரோலர் கையைவிட்டு நழுவினால் விரல் எலும்பு முறியும். துணி மாற்றும்போது ரோலரின் முனையை லாக்கிங் பிளையரால் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்துக்கொண்டு, எத்தனை சுற்றில் முறுக்கு முழுக்கத் தளர்கிறது என்று எண்ணிக் குறித்துவைக்க வேண்டும். திரும்ப அதே எண்ணிக்கையை ஏற்றலாம். ஸ்பிரிங் ஏற்கெனவே தொய்ந்திருந்தால் கையேட்டில் உள்ள எண்ணிக்கைதான் அளவு. அதற்கு மேல் ஏற்றினால் ஸ்லைடை மூடித் திறக்கும் மோட்டாருக்கும் பிராக்கெட்டுக்கும் வீண்பாரம்.

துணியில் வினைல், அக்ரிலிக் என இரண்டு. வினைல் தண்ணீரை விடாது, துடைக்க எளிது. ஆனால் வெயிலில் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். அக்ரிலிக் சீக்கிரம் உலரும். நீண்ட நேரம் தண்ணீர் நின்றால் கசியும். டாப்பருக்கு வினைலே பொருத்தம் என்பது எங்கள் கருத்து, கூரையை உலர்வாக வைப்பதற்குத்தானே இது. எந்தத் துணியானாலும் முதலில் போவது தையல் நூல். மூடிய நிலையில் வெயிலில் தெரியும் அந்தக் கடைசிச் சுற்றில்தான் நூல் உளுத்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த இடத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால், துணி நன்றாக இருக்கும்போதே கழற்றி, வெயிலைத் தாங்கும் பிடிஎஃப்இ (டெஃப்ளான் வகை) நூலால் மறுதையல் போடலாம். புதுத் துணி வாங்கும் செலவு தள்ளிப்போகும். ரோலரை மூடும் உலோக உறை உள்ள மாடலில் இந்தத் தேய்மானம் மெதுவாகவே வரும்.

டாப்பர் இருந்தாலும் அதன் அடியில் காற்று கொண்டுவந்து சேர்க்கும் சருகு இருக்கவே செய்யும். மாதம் ஒருமுறை பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்த்து, நீளமான பிரஷால் தள்ளிவிடுங்கள். குளவி கூடு கட்ட அந்த இடுக்கு மிகவும் பிடிக்கும், ஆகவே கையை விடும் முன் பார்த்துவிட்டு விடவும். ஈரத்தோடு சுருட்டிக் கிளம்ப நேர்ந்தால், அடுத்த நிறுத்தத்தில் முதல் வேலையாக ஸ்லைடை நீட்டிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணக் கறை உட்புறத்தில் படிந்து போகவே போகாது.