அசல் என்ற பெயரில் நகல் மேலுறை: ஸ்டைன்பெக் முதல் பதிப்பு வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலின் முதல் பதிப்பு என்று சொல்லி அமெரிக்க விற்பனையாளர் ஒருவர் இணையத்தில் விற்ற பிரதி பற்றிய எச்சரிக்கை இது. ஆளின் பெயர் வேண்டாம். அவர் கையாண்ட வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘வைக்கிங் பிரஸ், நியூயார்க், 1939, முதல் அச்சு, மேலுறையுடன், உள்மடிப்பின் கீழ் மூலை வெட்டப்பட்டுள்ளது, மற்றபடி நல்ல நிலை.’ வந்து சேர்ந்த புத்தகம் உண்மையிலேயே முதல் அச்சு. அட்டையைச் சுற்றிப் போட்டு இரு ஓரங்களையும் உள்ளே மடிக்கும் தாளான மேலுறை மட்டும் ஸ்கேன் செய்து இந்தக் காலத்தில் அச்சடித்த நகல்.

புத்தகம் அசல்தானே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் விலையைப் பார்க்க வேண்டும். மேலுறை இல்லாத முதல் அச்சு சில நூறு டாலருக்குக் கிடைக்கும். நல்ல அசல் மேலுறை சேர்ந்தால் ஆயிரங்களுக்குப் போய்விடும். கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தாளுக்குத்தான். அந்தத் தாளின் நகலோ சில பத்து டாலருக்குக் கிடைக்கிறது. நகல் என்று அச்சிட்டு நேர்மையாக விற்பவர்கள் இருக்கிறார்கள். வெற்று அட்டையைக் காக்க அதை வாங்கிப் போடுவதில் தவறே இல்லை. பெரும்பாலும் அந்த அறிவிப்பு உள்மடிப்பின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு கத்தரிக்கோல் போதும், நகல் ‘அசல்’ ஆகிவிடும்.

வெட்டப்பட்ட மூலை இந்த நாவலில் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அசல் மேலுறையின் முன் உள்மடிப்பில் 2.75 டாலர் விலையும், கீழ் மூலையில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற சொற்களும் அச்சாகியிருக்கும். பரிசாகக் கொடுப்பவர்கள் விலையை வெட்டுவது அக்காலத்துப் பழக்கம்; அதை மன்னிக்கலாம். கீழ் மூலையை வெட்ட வாசகருக்கு எந்தக் காரணமும் இல்லை. அது போயிருந்தால், பிந்தைய அச்சின் மேலுறையா, நகலா என்று சொல்ல இருந்த முதல் சாட்சி போய்விட்டது. அந்தப் பிரதிக்கு முழு விலை கொடுக்கக் கூடாது.

புத்தகத்தை இப்படிச் சரிபாருங்கள். காப்புரிமைப் பக்கத்தில் ‘1939 ஏப்ரலில் முதலில் வெளியிடப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கில வரி இருக்கும். அதன் கீழே அடுத்தடுத்த அச்சுகளைப் பற்றிய எந்த வரியும் இருக்கக் கூடாது. அந்த ஆண்டில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற நாவல் இது, எனவே 1939 தேதியிட்ட மறு அச்சுகள் ஏராளம். அந்த ஏப்ரல் வரியை மட்டும் படமெடுத்து, கீழே உள்ளதை வெட்டிவிட்டுப் போடுவார்கள். முழுப் பக்கத்தின் படம் கேளுங்கள். வரியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துத் தாளின் மேற்பரப்பைப் பாருங்கள். சுரண்டிய இடம் சொரசொரவென்று தெரியும். பழுப்பு வெள்ளைத் துணி அட்டையில் படம் அச்சாகியிருக்கும். அட்டையின் உள்தாள்களில் ‘பேட்டில் ஹிம் ஆஃப் தி ரிபப்ளிக்’ பாடல் இசைக்குறிப்போடு இருக்கும். அது ஸ்டைன்பெக் கேட்டுக்கொண்டு போட்டது.

ஏமாற்றை வெளியே கொண்டுவந்ததும் அந்த உள்தாள்தான். அசல் மேலுறை பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் கிடந்தால், உள்மடிப்பு தொட்ட இடத்தில் தாள் வேறு நிறமாகி, மடிப்பின் அகலத்துக்கே ஒரு தடம் விழும். இந்தப் பிரதியில் தடத்தின் விளிம்பும் மடிப்பின் விளிம்பும் பொருந்தவில்லை. முதுகுத் துணி வெயில் பட்டுக் கருத்திருந்தது, அதை மூடியிருந்த மேலுறையின் முதுகோ பளிச்சென்று இருந்தது. வெயில் மேலுறையைத் தாண்டித்தானே துணிக்குப் போக வேண்டும்? நகல் இல்லாவிட்டாலும், வேறொரு பிரதியின் மேலுறையை மாட்டிய ஜோடி சேர்ப்பையும் இதே இரண்டு சோதனைகள் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். படத்தை விட்டுவிட்டு எழுத்துகளைப் பாருங்கள். அக்கால அச்சில் கறுப்பு எழுத்து ஒரே மையில் கெட்டியாக, தெளிந்த விளிம்போடு நிற்கும். ஸ்கேன் செய்த நகலில் எழுத்தின் ஓரத்திலேயே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். கசங்கல் கோடு ஒன்று தெரிந்தால் அதன்மேல் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படாத கசங்கல், அச்சில் வந்த கசங்கல். இருட்டறையில் யுவி டார்ச் அடித்தால் இன்றைய வெள்ளைத் தாள் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள்தான் அப்படி ஒளிர்கிறது; அது தாளில் பரவலானது 1950-களுக்குப் பிறகுதான். ஆனால் ஒளிராததாலேயே அசல் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வேதிப்பொருள் சேராத தாளிலும் நகல் எடுக்க முடியும்.

இன்னொரு வகை முழுப் புத்தகமே நகலாக இருப்பது. ‘ஃபர்ஸ்ட் எடிஷன் லைப்ரரி’ என்ற வரிசையில் இந்த நாவலும் அசலைப் போலவே அச்சாகி, உறைப்பெட்டியோடு விற்கப்பட்டது. பெட்டியைத் தூக்கியெறிந்துவிட்டு அசல் என்று விற்பவர்கள் உண்டு.

மற்ற ஸ்டைன்பெக் நூல்களில் அடையாளங்கள் வேறு. 1937-இன் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ முதல் அச்சில் 9-ஆம் பக்கத்தில் கைகளை ‘பெண்டுலா’ என்று சொல்லும் வாக்கியம் இருக்கும், பின்னர் நீக்கிவிட்டார்கள். 1942-இன் ‘தி மூன் இஸ் டவுன்’ நூலில் முதலில் அச்சான பிரதிகளில் 112-ஆம் பக்கத்தில் தேவையில்லாத பெரிய புள்ளி ஒன்று உண்டு. 1952-இன் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ முதல் அச்சில் 281-ஆம் பக்கத்தில் ‘bight’ என்ற சொல் ‘bite’ என்று எழுத்துப்பிழையாக இருக்கும். ‘தி வேவர்ட் பஸ்’ உறுப்பினர்களுக்குப் புத்தகம் அனுப்பும் புக் கிளப் வழியாகவும் வந்தது என்பதால் பின்னட்டையின் கீழே, முதுகை ஒட்டி, துணியில் அழுத்திய சின்னக் குழிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்; இருந்தால் அது கிளப் பிரதி. மேலுறையில் விலையே இல்லாவிட்டாலும் சந்தேகப்படுங்கள்.

பணம் திரும்பப் பெறும் பாடு தனி. ‘மேலுறையுடன் என்றுதான் எழுதினேன், அசல் என்று எழுதவில்லை’ என்றார் விற்றவர். பிறகு நிபுணர் கடிதம் கேட்டார், அதன்பின் பதிலே இல்லை. இந்த இழுத்தடிப்பு புகார்க் கெடு முடியும்வரை காத்திருக்கும் தந்திரம். ஈபேயில் பொருள் கைக்கு வந்து 30 நாளுக்குள், பேபாலில் பணம் கட்டி 180 நாளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பேபாலில் ‘ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி’ வழியாக அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பாதுகாப்பு கிடையாது.

பணம் கட்டுமுன் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: ‘இந்த மேலுறை 1939-இல் வைக்கிங் அச்சிட்ட அசலா, ஒட்டோ வண்ணம் தீட்டலோ நடந்திருக்கிறதா?’ நேர்மையானவர் ஒரே வரியில் பதில் சொல்வார். மேலுறையின் உட்புறம், நான்கு மூலைகளோடு இரண்டு உள்மடிப்புகள், உள்தாள்கள் ஆகியவற்றின் படங்களும் வேண்டும். 1949 முதல் இயங்கும் ஏபிஏஏ என்ற அமெரிக்கப் பழம்புத்தக விற்பனையாளர் சங்கத்தின் உறுப்பினரிடம் விலை கூடுதலாக இருக்கும். ஆனால் தாம் விற்பதன் விவரணைக்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டியவர்கள்.

நகல் மேலுறை ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால், அதன் உட்புறத்தில் கீழ் ஓரமாக, மென்மையான பென்சிலால் ‘ஃபேக்ஸிமிலி’ என்று ஆங்கிலத்தில் எழுதிவையுங்கள். மூலையில் எழுதாதீர்கள், வெட்டிவிடுவார்கள். முதுகுக்கு நேர் பின்னால் எழுதுங்கள்.