60 கிலோவாட் கார் சார்ஜருக்கான ரேட் வாங்கிக்கொண்டு 30 கொடுக்கிறார்கள், பார்த்துப் போடுங்கள்

எலெக்ட்ரிக் கார் வைத்து ஹைவேயில் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்திலிருந்து திருச்சிக்குப் போனேன். உளுந்தூர்பேட்டை பக்கம் வரும்போது பேட்டரி 18 சதவீதம். அங்கே ஒரு ஹோட்டல் வாசலில் 60 கிலோவாட் டிசி சார்ஜர் (வேகமாக ஏற்றும் வகை, கிலோவாட் கூடினால் வேகம் கூடும்) இருந்தது, யூனிட்டுக்கு 24 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 28 ரூபாய் 32 பைசா. அதே கம்பெனியின் 30 கிலோவாட் சார்ஜர் விக்கிரவாண்டியில் 18 ரூபாய்க்கே இருந்தது. சீக்கிரம் ஏறட்டும், மதியத்துக்குள் போய்விடலாம் என்றுதான் அதை விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

சார்ஜர் கன்னை (காரில் செருகும் பிளக்கை) மாட்டியதும் 44 கிலோவாட் காட்டியது. என் வண்டி இழுப்பதே அதிகபட்சம் அவ்வளவுதான், அதில் எனக்குக் குறை இல்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொரு கார் வந்து அதே மெஷினின் இரண்டாவது கன்னை மாட்டியது. உடனே என்னுடையது 28-க்கு இறங்கிவிட்டது. அவரிடம் கேட்டேன், அவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரே மெஷினின் 60-ஐ இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரிடமும் முழு 60-க்கான ரேட்! போர்டிலும் இல்லை, ஆப்பிலும் இல்லை, இரண்டு கன்னும் ஓடினால் ஸ்பீடு பாதியாகும் என்று ஒரு வரி கூட எங்கேயும் எழுதவில்லை.

80 சதவீதம் வரை ஏற 48 நிமிடம் ஆனது. 24.8 யூனிட், 702 ரூபாய். 30 கிலோவாட் ரேட்டில் போட்டிருந்தால் ஜிஎஸ்டி சேர்த்தே 527 ரூபாயில் முடிந்திருக்கும்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "உங்க வண்டிதான் சார் இழுக்கல" என்கிறார். முதல் பத்து நிமிடம் 44 இழுத்த வண்டி அதற்குள் எப்படி இழுக்காமல் போகும்? ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிய பிறகுதான், அது டூயல் கன் மெஷின், லோடு பிரியும் என்று ஒத்துக்கொண்டார்கள். வித்தியாசப் பணத்தைக் கேட்டேன். பில் யூனிட் கணக்கில்தான், ஸ்பீடுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. ஸ்பீடுக்குப் பொறுப்பில்லை என்றால் ஸ்பீடை வைத்து ஏன் ரேட் வைக்கிறீர்கள்?

பெரிய சார்ஜருக்கு அதிக ரேட் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மெஷின் விலை அதிகம், டிரான்ஸ்பார்மர் போட வேண்டும், ஈபியிடம் கேட்டு வாங்கிய மின் லோடுக்கு வண்டி வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். அது நியாயமான செலவு. ஆனால் நாம் கூடுதலாகக் கொடுப்பது நேரம் மிச்சமாகும் என்பதற்காக, அந்த நேரத்தைக் கொடுக்காமல் காசை மட்டும் எடுத்துக்கொள்வது ஏமாற்றுதான்.

மாட்டியதும் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் நின்று டிஸ்ப்ளேயில் எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று பாருங்கள், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து கன்னில் வண்டி வந்தால் இன்னொரு போட்டோ. உங்கள் வண்டி அதிகபட்சம் எவ்வளவு டிசி இழுக்கும் என்பதும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், 30 கிலோவாட் இழுக்கிற வண்டியை 120 கிலோவாட் சார்ஜரில் மாட்டினால் அந்த 120-இன் ரேட்தான் விழும், ஸ்பீடு அதே 30. அப்புறம், 80 சதவீதத்துக்கு மேல் எந்த வண்டியும் மெதுவாகத்தான் ஏறும், அதற்கும் அதே ரேட்தான், அதனால் அடுத்த ஊர் போய்ச்சேர போதும் என்றால் அங்கேயே கழற்றிவிடுங்கள். பில்லில் ஸ்பீடு போடமாட்டார்கள். யூனிட்டை 60-ஆல் (ஒரு மணிக்கு 60 நிமிடம்) பெருக்கி, சார்ஜ் ஆன நிமிடத்தால் வகுத்தால் சராசரி கிலோவாட் வந்துவிடும், எனக்கு வந்தது 31.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், ஸ்க்ரீன்ஷாட்டும் பில்லும் கொடுத்தாயிற்று.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டியில் அந்த 30 கிலோவாட் சார்ஜரிலேயே போட்டேன். ஒரே கன், பங்குக்கு ஆள் இல்லை. 24 யூனிட், 52 நிமிடம், 510 ரூபாய். அம்மா நிதானமாக டிபன் சாப்பிட்டு முடித்தார்.