கார்மின் ஸ்ட்ரைக்கர் 4: நம்ம பக்கத்து வள்ளங்களில் டிரான்ஸ்டியூசரை எங்கே பூட்டுவது?

ஸ்ட்ரைக்கர் 4 என்ற மீன் தேடும் மிஷினை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். மூன்றரை அங்குலத் திரை, தண்ணீருக்குள் ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும், 77, 200 கிலோஹேர்ட்ஸ் இரண்டிலும் ஓடும் சோனார், நல்ல இடம் கிடைத்தால் குறித்து வைக்க ஜீபீஎஸ், அவ்வளவுதான். வரைபடம் கிடையாது, நீர்த்தேக்கத்தில் அது தேவையும் இல்லை. வெயிலில் திரை தெரிகிறது, ஹட்டன் மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. மிஷினைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் எனக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் "சும்மா கோடு கோடாத்தான் வருது" என்று குறை சொல்பவர்களின் வள்ளத்தில் ஏறிப் பார்த்தால் மிஷின் நன்றாகத்தான் இருக்கும், ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் டிரான்ஸ்டியூசர் என்ற அந்தக் கறுப்புத் துண்டைப் பூட்டிய இடம்தான் பிழையாக இருக்கும்.

பெட்டியோடு வரும் பிராக்கெட் வள்ளத்தின் பின்பலகையில் பூட்டுவதற்கு. அவுட்போர்ட் என்ஜின் வைத்து சுற்றுலாக்காரரை ஏற்றி ஓட்டுபவர்களுக்கு இதுதான் சரி. முன்னால் பார்த்து உட்கார்ந்தால் வலது பக்கம் பூட்ட வேண்டும். பெரும்பாலான என்ஜின்களில் பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பெலர் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றும், அதனால் வலப்புறம் இலை கீழே இறங்குகிறது, அந்தப் பக்கம் நுரை குறைவு. புரொப்பெலரின் நடுவிலிருந்து குறைந்தது 38 சென்ரிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பைபர் வள்ளம் என்றால் அடிமட்டத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டர், அலுமினியம் என்றால் 10 மில்லிமீட்டர் இறங்கி இருந்தால் போதும். இந்த அளவுகளை யாரும் மதிப்பதில்லை. "கொஞ்சம் கீழே இருந்தா நல்லாத் தெரியும்தானே" என்று இரண்டு அங்குலம் இறக்கி விடுகிறார்கள், வேகம் எடுத்ததும் தண்ணீர் அதில் மோதித் தெறிக்கிறது, காற்றுக்குமிழி வந்து திரை காலியாகிறது. ஒலி தண்ணீரில் நன்றாக ஓடும், இடையில் கொஞ்சம் காற்று வந்தாலே திரும்பி விடும். நான் மேலே எழுதியதும் கீழே எழுதப் போவதும் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

காசல்ரீயில் வள்ளம் ஓட்டும் ஒரு அண்ணன், "தம்பி, பலகைல ஓட்டை போடாம ஏதாவது செய்ய ஏலுமா?" என்று கேட்டார். முழுக்கத் தப்ப முடியாது, குறைக்கலாம். சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை இருக்கிறதல்லவா, அதில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, சிலிக்கன் வைத்து, ஒரே தடவை பின்பலகையில் ஸ்குரூ ஆணி அடித்து விட வேண்டும். அப்புறம் டிரான்ஸ்டியூசரை அந்தத் துண்டில் பூட்டலாம். மேலே கீழே மாற்றும்போதெல்லாம் புது ஓட்டை பிளாஸ்டிக்கில்தான் விழும், வள்ளத்தில் இல்லை.

மவுசாக்கலையில் கதை வேறு. 1960களில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வெயில் காலத்தில் நீர் மட்டம் இறங்கினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் இருந்த இடங்கள் வெளியே வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். அவை வெளியே வருவதற்குக் கொஞ்சம் முந்திய நாட்கள்தான் வள்ளத்துக்கு ஆபத்து, சுவரும் மரக்கட்டையும் முழங்கால் ஆழத்தில் மறைந்து கிடக்கும். பின்பலகையில் தொங்கும் எதுவும் அதில் அடிபடும். பெட்டியில் வரும் பிராக்கெட்டை அடிபட்டால் மேலே மடங்கும்படி விட்டுவைக்க வேண்டும், அசையக் கூடாது என்று இறுக்கி முறுக்குபவர்கள் அதை உடைக்கத்தான் இறுக்குகிறார்கள்.

எனக்குப் பிடித்தது வள்ளத்துக்கு உள்ளேயே, அடித்தளத்தில் ஒட்டி விடுவது. கெட்டியான பைபர் அடியாக இருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போகும், சிக்னல் கொஞ்சம் குறையும், நம்ம ஆழத்துக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஓட்டை வேண்டாம், கல்லும் படாது, பாசியும் பிடிக்காது. ஆனால் அடிக்கு நடுவில் போம் அல்லது பலகை வைத்து இரட்டையாகக் கட்டிய வள்ளம் என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். கிளியர்வ்யூ போன்ற, அடியைப் படம் மாதிரிக் காட்டும் ஸ்கேனிங் வசதி உள்ள மாடல்களுக்கும் இது சரிவராது, ஸ்ட்ரைக்கர் 4இல் அது இல்லாததால் தப்பித்தோம். தண்ணீரின் வெப்பநிலை என்று காட்டுவது வள்ளத்து அடியின் வெப்பநிலையாக இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் போட்டு, வாயைக் கட்டி, வள்ளத்து அடியை நனைத்து அதன் மேல் வையுங்கள். திரையில் வரும் ஆழத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு அதையே பக்கவாட்டில் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்த இடம் நல்லது, இல்லையென்றால் நாலு விரல் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒட்டும்போது ஐந்து நிமிடத்தில் காயும் பசை வேண்டாம், அதில் குமிழி வெளியேற நேரம் இருக்காது. மெதுவாக இறுகும் இபொக்சி வாங்குங்கள், வள்ளத்தைச் சரிவான கரையில் போட்டு ஒட்டாமல் சமமாக நிறுத்திக்கொள்ளுங்கள், பசையை ஊற்றி டிரான்ஸ்டியூசரைத் திருகித் திருகி அமுக்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கொழும்புச் சூட்டுக்குச் சரியாக இருக்கலாம். மஸ்கெலியாக் குளிரில் இன்னும் ஒரு நாள் சேர்த்து விடுவதில் நட்டம் ஒன்றும் இல்லை.

சக்ஷன் கப் வைத்து ஒட்டும் வகையும் இருக்கிறது, ஒன்லைனில் வாங்கிப் பார்த்தேன், காசு வீண். புது வள்ளத்தின் வழவழப்பான பைபரில் பிடிக்கும், நம்ம வெயிலிலும் மழையிலும் கிடந்து பூச்சு பொரிந்த வள்ளத்தில் ஒரு சுற்று முடிவதற்குள் கழன்று தொங்குகிறது. கேபிளைக் கட்டி வைக்காதவருக்கு டிரான்ஸ்டியூசரும் போயிருக்கும்.

வள்ளம் சொந்தமில்லை, இன்றைக்கு ஒருவருடையது நாளைக்கு மச்சானுடையது என்றால் எஸ்லோன் பைப், அதாவது பீவீசீ பைப்தான் வழி. ஒரு துண்டுப் பைப், வள்ளத்து விளிம்பில் பிடிக்க ஹார்ட்வெயாரில் கிடைக்கும் ஜீ கிளாம்ப், கீழே டிரான்ஸ்டியூசர். துடுப்புப் போடும் வேகத்துக்கு இது அருமையாக வேலை செய்யும், என்ஜின் வேகத்தில் பைப் வளையும். பைப் செங்குத்தாக நிற்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்: 15 பாகை சாய்ந்தால் 10 மீட்டர் ஆழத்தில் 2.7 மீட்டர் தள்ளிக் கிடப்பதைத்தான் திரை காட்டும், நீங்கள் வலையோ தூண்டிலோ போடுவது வேறு இடத்தில். ஆழமும் உள்ளதை விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

எந்த வழி என்றாலும், மிஞ்சிய கேபிளை வெட்டிச் சுருக்க வேண்டாம், சுருட்டிக் கட்டி விடுங்கள், என்ஜின் வயரோடு சேர்த்து இழுக்காதீர்கள், திரையில் மழை பெய்வது மாதிரி புள்ளி புள்ளியாக வரும். பெட்டரிக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சின்னது, யூபீஎஸ்ஸில் போடுவதுதான், ஒரு பகல் முழுக்கத் தாராளமாகப் போதும். பியூஸ் போடாமல் நேராகக் கொடுக்காதீர்கள்.