சின்ன உப்புத்தண்ணி டேங்குக்கு எந்த மீனு? கிளவுனா டாம்செல்லா, கிராமாவா டாட்டிபேக்கா

மூணடி டேங்கு, 90 செண்டிமீட்டர் நீளம், அகலம் உயரம் ரெண்டும் 40, கணக்குல 144 லிட்டர், கல்லு மணல் எல்லாம் போட்டப்புறம் 120 லிட்டர் தண்ணி நின்னா பெருசு. தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வர்த்ல எங்க ஹால்ல டிவி பக்கத்துல இது நாலு வருஷமா ஓடுது. இதே சைஸ்ல வாங்கிட்டு "எந்த மீன் விடலாம்ணே"ன்னு கேக்குற தம்பிங்களுக்கு தான் இத எழுதுறேன். எல்லாரும் மீனோட சைஸையும் கலரையும் பாக்குறாங்க, நான் பாக்க சொல்றது குணத்த, ஏன்னா ஏழு செண்டிமீட்டர் மீனு ஒன்னு மொத்த டேங்கையும் தன் பேர்ல பட்டா போட்டுக்கும்.

எத்தன மீனுன்னா என் கணக்கு நாலு, மிஞ்சிப்போனா அஞ்சு. 2023ல லோட் ஷெடிங், அதாவது முறை வச்சு கரண்ட கட் பண்றது, ஸ்டேஜ் 6 வரைக்கும் ஓடினப்போ ஒரே நாள்ல மூணு தடவ கரண்ட் போகும், பம்ப் நின்னுடும், நம்ம ஊர் பிப்ரவரி வெயில்ல சூடான தண்ணில ஆக்சிஜன் ஏற்கனவே கம்மி, அதுல எட்டு மீன் விட்டு வச்சா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க. பேட்டரி ஏர் பம்ப் ஒன்னு வாங்கி வச்சுடுங்க, அப்புறம் மீனு.

கிளவுனா டாம்செல்லா? டாம்செல் சீப், சாகாது, நீல டாம்செல் லைட் பட்டா மயில் கழுத்து மாதிரி மின்னும். நானும் அதுல தான் மயங்கினேன். மூணாவது வாரத்துல அது கல்லோட நடுப்பொந்த பிடிச்சுகிட்டு புதுசா வந்த ஒவ்வொன்னையும் மூலைக்கு துரத்துச்சு, அத பிடிக்கணும்னா டேங்க்ல உள்ள எல்லா கல்லையும் வெளிய எடுக்கணும், ஒரு ஞாயித்துக்கிழம பூரா அதுக்கே போச்சு, பக்கெட்டும் டவலுமா ஹால் நனைஞ்சு வீட்ல வாங்கின திட்டு வேற. டாம்செல் தான் வேணும்னா மஞ்ச வால் டாம்செல் பரவால்ல, ஒன்னே ஒன்னு. டொமினோ டாம்செல் நம்ம வடக்கு கரையோரம் டைவ் பண்ற இடமான சோட்வானா பே பாறைலயே இருக்கு, குட்டில வெள்ளப்பொட்டோட அழகா இருக்கும், ஆனா 14 செண்டிமீட்டர் வரைக்கும் வளரும், வேண்டாம்.

கிளவுன்ல ஆரஞ்சு உடம்புல வெள்ளப் பட்ட போட்ட ஆசெல்லாரிஸ் எடுங்க, பண்ணைல பொரிச்சது. ஒன்னு பெருசு ஒன்னு சிறுசா வாங்கணும், ஏன்னா எல்லா கிளவுனும் முதல்ல ஆண் தான், பெருசா நிக்கிறது பெண்ணா மாறிடும், ரெண்டும் ஒரே சைஸ்னா யார் பெருசுன்னு அடிச்சுக்கும். கிளவுன் ஒளிஞ்சுக்குற பூ மாதிரி கடல் உயிரு, அந்த அனிமோன் கட்டாயம் இல்ல, எங்க ஜோடி ஹீட்டர் மூலைல தான் தூங்குது. மெரூன் கிளவுன் பக்கம் போகாதீங்க, அது கிளவுன் வேஷம் போட்ட ரவுடி. சோட்வானால டைவ் பண்றவங்க பாக்குற ஆலார்ட் கிளவுன் நம்ம ஊர் மீனுன்னு பாசம் இருக்கும், அதுவும் இந்த டேங்குக்கு பெருசு.

அடுத்தது தான் நெறய பேர் ஏமாறுற இடம். ராயல் கிராமா, ராயல் டாட்டிபேக், ரெண்டுக்கும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்ச. கிராமா கரீபியன் மீனு, டாட்டிபேக் மேற்கு பசிபிக். உத்து பாத்தா கிராமால ஊதாவும் மஞ்சளும் சேர்ற இடத்துல புள்ளி புள்ளியா கலங்கி இருக்கும், மேல் துடுப்பு முன்னால ஒரு கருப்பு புள்ளி, கண்ண கடந்து ஒரு கோடு. டாட்டிபேக்ல ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி ஊதா முடிஞ்சு மஞ்ச ஆரம்பிக்கும், அந்த புள்ளியும் இல்ல. குணம்னா மல கடல் வித்தியாசம். கிராமா தன் பொந்துகிட்ட யாராச்சும் வந்தா வாய ஆன்னு தொறந்து காட்டும், பெரும்பாலும் அதோட சரி. டாட்டிபேக் பாதி உடம்ப பொந்துக்குள்ள வச்சுகிட்டு காத்திருந்து கடிக்கும். கடைல கிராமான்னு சொல்லி என்கிட்ட டாட்டிபேக்க கட்டி கொடுத்தாங்க, பைக்குள்ள இருந்தப்போ எனக்கும் தெரியல. டாட்டிபேக்ல ஆர்க்கிட் மட்டும் விதிவிலக்கு, செங்கடல் மீனு, முழு ஊதா, பண்ணை வளர்ப்பு கிடைச்சா நம்பி வாங்கலாம்.

ஃபயர்ஃபிஷ் வேணுமா சிக்ஸ் லைன் ராஸ் வேணுமான்னா ரெண்டுல ஒன்னு தான். ராஸ் சுறுசுறுப்பு, கல்லுல உள்ள சில்லற புழு எல்லாம் பொறுக்கும், ஆனா வயசாக ஆக கொடுமக்கார மாமியா ஆகிடும். ஃபயர்ஃபிஷ் சாது, முதுகுல அந்த நீள முள்ள ஆட்டி ஆட்டி தண்ணிக்கு நடுவுல நிக்குறத பாக்கவே ஒரு சுகம். பயந்தா குதிக்கும், அவ்ளோதான் அதோட குறை. மூடி இல்லாம விட்டு ஒரு நாள் காலைல டிவி ஸ்டாண்ட் அடில காஞ்ச நெத்திலி மாதிரி எடுத்தேன். வல மூடி போட்டா நான் எப்பவும் ஃபயர்ஃபிஷ் பக்கம் தான்.

பங்காய் கார்டினல் ஓகே, ரெண்டு ஆண் சேராது. பச்ச குரோமிஸ் கூட்டமா வாங்கினா மாசா மாசம் ஒன்னு குறஞ்சு கடைசில ஒன்னு நிக்கும். மாண்டரின் சாப்பிடுறது கல்லுல ஊர்ற பொடி பூச்சி மாதிரி கோப்பிபாட், இந்த அளவு கல்லுல அது சீக்கிரம் தீந்து மீனு பட்டினில போகும். நீல டாங் கேட்டு என் பொண்ணு அழுதா, அது 30 செண்டிமீட்டர் வளரும்மான்னு ஸ்கேல எடுத்து காட்டினேன்.

விடுற வரிச தான் பாதி வேல: முதல்ல ஃபயர்ஃபிஷ், ரெண்டு மூணு வாரம் கழிச்சு கிராமா, கடைசில கிளவுன் ஜோடி. சாதுக்கு முதல்ல இடம் கொடுத்தா ரவுடிக்கு பட்டா கிடைக்காது. அந்த டாட்டிபேக் இப்போ இங்க டர்பன்லயே ஃபீனிக்ஸ்ல மாமா வீட்டு ஆறடி டேங்க்ல தன்ன விட மூணு மடங்கு பெரிய மீனுங்களோட இருக்கு, போன வாரம் கண்ணாடி தொடைக்க கைய விட்டேன், நகக்கண்ணுல கடிச்சுட்டு பொந்துக்குள்ள போயிடுச்சு.