மூன்று லாரி ரெடிமிக்ஸ்: திருச்சியில் ஒரு வீட்டுத் தளத்துக்கு வாங்கிய கான்கிரீட்டைப் பற்றி

கடந்த பங்குனியில், திருச்சியில் என் தங்கை கட்டிவரும் வீட்டுக்குத் தளம் போடுவதற்காக, புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு கலவை நிலையத்திலிருந்து எம்25 தரத்தில் (இருபத்தெட்டாம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலு) 18 கனமீட்டர் ரெடிமிக்ஸ் கான்கிரீட், அதாவது நிலையத்திலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட், வாங்கினோம். 1,200 சதுர அடித் தளம், ஐந்து அங்குலக் கனம், உத்திரங்கள் தனி. ஆக மூன்று லாரி. பாலம், குடிநீர்த் தொட்டி போன்ற வேலைகளில் இருபது ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கும் நான் ரெடிமிக்ஸைக் கையாளாத மாதமே இல்லை. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, குடும்பப் பணத்தைக் கொடுத்து அதை வாங்கியது இதுவே முதல் முறை. சரக்கு நன்றாக இருந்தது. அந்தச் சரக்கைச் சிறிய வாடிக்கையாளரிடம் கொண்டுவந்து சேர்க்கும் விதத்தில்தான் குறை இருக்கிறது.

கான்கிரீட்டை ஆலையில் கலந்து வேலையிடத்துக்கு அனுப்பும் வழக்கத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1903-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். அமெரிக்காவில் விற்பனையாகும் சிமென்ட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று ரெடிமிக்ஸ் நிலையங்களுக்குத்தான் செல்கிறது. இந்தியாவில் 1990-களில் மும்பைப் பகுதியில் வணிக முறையில் தொடங்கிய இத்தொழில் மெட்ரோ, மேம்பாலம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வளர்ந்து, இப்போதுதான் தனி வீடுகளின் வாசலுக்கு வந்திருக்கிறது. உலக சிமென்ட் உற்பத்தியில் பாதியளவைத் தன்னிடம் வைத்திருக்கும் சீனாவில் வீட்டுமனைத் தொழில் சரிந்த பிறகு உற்பத்தி இறங்கிவருகிறது. இரண்டாம் இடத்திலுள்ள இந்தியாவில் ஏறிவருகிறது. ஆயினும் நம் நாட்டில் விற்கும் சிமென்ட்டில் பெரும்பகுதி இன்றும் மூட்டையாகவே கடைகளில் விற்று, தெருவோரத்தில் கலவை மெஷினில் கொட்டப்படுகிறது. கட்டுமானத் துறையின் அடுத்தகட்ட வளர்ச்சி இந்த மூட்டைக்கும் அந்த லாரிக்கும் இடையில்தான் நடக்கப்போகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே, தனி வீட்டுக்காரர்களை இந்த நிலையங்கள் எப்படி நடத்துகின்றன என்பது சிறிய கேள்வி அன்று.

நாங்கள் ரெடிமிக்ஸுக்கு மாறியதற்கு ஆள் கிடைக்காததே முதற்காரணம். இந்த அளவுத் தளத்தை மெஷின் வைத்துப் போட, ஜல்லியும் மணலும் அள்ளிக் கொட்டுவதற்கும் சட்டி மாற்றுவதற்குமாக இருபத்தைந்து பேராவது வேண்டும். எங்கள் மேஸ்திரியால் பன்னிரண்டு பேருக்கு மேல் திரட்ட முடியவில்லை. கனமீட்டர் 5,200 ரூபாய் என்று நிலையத்தில் விலை சொன்னார்கள். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் பம்ப் வாடகையும் உண்டு என்பதை நாங்களாகக் கேட்ட பிறகே தெரிவித்தார்கள். எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது, மெஷின் கலவையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் செலவு. ஒரே காலையில் வேலை முடிவதையும், சிமென்ட் மூட்டை அடுக்க இடம் தேட வேண்டாததையும் எண்ணிப்பார்த்தால் அது நியாயமான விலைதான்.

கலவை விகிதத் தாளைக் கேட்டபோது, விற்பனைப் பிரிவில் இருந்தவர் வியப்புடன் பார்த்தார். வீட்டு வேலைக்கு யாரும் அதைக் கேட்பதில்லையாம். இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். கனமீட்டருக்குச் சிமென்ட்டும் நிலக்கரிச் சாம்பலும் சேர்ந்து 340 கிலோ, தண்ணீர் 160 லிட்டர், மணலுக்கு முழுவதும் எம்-சாண்ட் என்று இருந்தது. சாம்பல் சேர்ப்பதைக் கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு. அளவோடு சேர்த்தால் கான்கிரீட்டின் சூடு குறையும், நாள்பட வலுக் கூடும். உலகக் கரிமவாயு வெளியேற்றத்தில் ஏழெட்டு விழுக்காடு சிமென்ட் ஆலைகளிலிருந்து வருவதால், சிமென்ட்டைக் குறைக்கும் எந்த நல்ல வழியையும் வரவேற்கவே வேண்டும். ஆனால் எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லியாக வேண்டும். கேட்டால் மட்டும் கொடுக்கிற தாளாக அது இருக்கக் கூடாது.

தளம் போட்ட அன்று முதல் லாரி காலை 5.50-க்கு நிலையத்தில் ஏற்றப்பட்டு 6.30-க்குத் தெருமுனைக்கு வந்தது. ஓட்டுநர் தந்த சீட்டில் ஏற்றிய நேரம், ஒவ்வொரு பொருளின் எடை, தண்ணீரின் அளவு எல்லாம் அச்சாகியிருந்தன. அவற்றைக் கலவைத் தாளோடு ஒப்பிட்டேன், ஒவ்வொன்றும் பொருந்தியது. மெஷின் கலவையில் நாம் ஒருபோதும் பெற முடியாத துல்லியம் இது. சட்டிக்கணக்கில் மணலும் குடக்கணக்கில் தண்ணீரும் கொட்டும் இடத்தில், காலைக் கலவையும் மாலைக் கலவையும் ஒன்றாக இருக்கவே முடியாது.

இரண்டாம் லாரி 8.10-க்கு முடிந்தது. மூன்றாவது அப்போதே வந்து நின்றிருக்க வேண்டும், 7.55-க்குத்தான் ஏற்றியதால் 8.35-க்கு வந்தது. அதற்குள் பம்ப் குழாயில் நின்றிருந்த கான்கிரீட் வெயிலில் இறுகி, வளைவில் அடைத்துக்கொண்டது. குழாயைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதற்குள் மணி 9.30. லாரியின் உருளையில் இருந்த கலவை கெட்டியாகியிருந்தது. எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று அறிய, கூம்பில் நிரப்பிக் கூம்பைத் தூக்கிப் பார்த்தபோது கலவை 80 மில்லிமீட்டர்தான் இறங்கியது. நாங்கள் கேட்டிருந்தது 120. அப்போது மேஸ்திரி, "சார், கொஞ்சம் தண்ணி விட்டா லேசா ஓடும்" என்றார். ஓட்டுநரின் கை அதற்கு முன்பே லாரியின் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தது.

எத்தனையோ வீடுகளின் வலு அந்த ஒரு நொடியில்தான் போகிறது. ஆறு கனமீட்டர் லாரியில் நூறு லிட்டர் தண்ணீர் விட்டால் கனமீட்டருக்குப் பதினேழு லிட்டர் ஏறும். தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.47-இலிருந்து 0.52 ஆகிவிடும். கலவை அழகாக ஓடும், மேஸ்திரிக்கு வேலை எளிதாகும், நாம் காசு கொடுத்த எம்25 மட்டும் இருக்காது. நான் மறுத்துவிட்டு, நிலையத்திலிருந்து வந்திருந்த தொழில்நுட்ப உதவியாளரை அழைத்தேன். அந்த இளைஞர் நன்கு பயிற்சி பெற்றவர். தண்ணீர் சேர்க்காமலே கலவையை இளகவைக்கும் இளக்கி ரசாயனத்தைத் தகரக் குவளையால் அளந்து உருளைக்குள் ஊற்றி, ஐந்து நிமிடம் வேகமாகச் சுழலவிட்டு, மறுபடி கூம்பு வைத்தார்; 125 மில்லிமீட்டர் வந்தது. 9.55-க்கு முன்பாகவே லாரி காலியானது. ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்ற, ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 4926-இன் பொது விதிக்குள் நூலிழையில் நின்றோம். இரண்டாம் லாரிக் கான்கிரீட் முடிந்த விளிம்பை அதுவரை ஈரச் சாக்கால் மூடிவைத்திருந்தோம். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி அங்கே தன் எடையிலேயே இறங்கியது; பழைய கான்கிரீட் இன்னும் இறுகவில்லை. ஒட்டுப் பிரியாது என்ற நிம்மதி அப்போதுதான் வந்தது.

அந்த உதவியாளர் இருந்ததற்காக நிலையத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவரை அனுப்பியது நான் வற்புறுத்தியதால்தான். வழக்கமாக வீட்டு வேலைகளுக்கு ஓட்டுநரும் பம்ப் ஆட்களும் மட்டுமே வருவார்கள் என்று அவரே சொன்னார். லாரிகளின் இடைவெளியைக் குறித்து நிலையத்தில் பேசியபோது, அன்று பெரிய வேலை ஒன்றுக்கு லாரிகள் திரும்பிவிட்டன என்றார்கள். நாற்பது லாரி வாங்குகிறவருக்கு ஒரு லாரி தாமதமானால் கணக்கில் ஒரு வரி. மூன்று லாரி வாங்குகிறவருக்கு அது தளத்தின் நடுவில் விழும் பிளவு. இந்த வேறுபாட்டை அவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

வலுவைச் சோதிக்க ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஆறு கனசதுரங்கள் வார்த்து, தனியார் ஆய்வகம் ஒன்றில் உடைத்துப் பார்த்தோம். ஏழாம் நாள் சராசரி சதுர மில்லிமீட்டருக்கு 19.6 நியூட்டன், இருபத்தெட்டாம் நாள் 31. சாம்பல் கலந்த கான்கிரீட் தொடக்கத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும் என்பதால் முதல் எண்ணைக் கண்டு நான் கலங்கவில்லை. மூன்றாம் லாரியின் எண்களும் மற்றவற்றை ஒட்டியே இருந்தன. அளவிலும் குறையில்லை. இரண்டாம் லாரியை எடைமேடையில் ஏற்றி இறக்கிப் பார்த்ததில், ஆறு கனமீட்டருக்கு வரவேண்டிய பதினான்கரை டன்னை ஒட்டியே இருந்தது.

தளத்தின் தென்மேற்கு மூலையில் மயிரிழை விரிசல்கள் சில தோன்றின. அதற்குக் கான்கிரீட்டைக் குறைசொல்ல மாட்டேன். குழாய் அடைப்பைப் பார்க்க எல்லோரும் கீழே இறங்கிவிட்டதால், சூடான காற்றில் மேற்பரப்பு காய்ந்துபோனது. சாம்பல் கலந்திருப்பதால் பாத்தி கட்டிப் பதினான்கு நாள் தண்ணீர் நிறுத்தினோம். இதை நிலையத்தார் ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாம்.

ஆவணியில் மாடித் தளத்துக்கும் இதே நிலையத்திடம்தான் சொல்லியிருக்கிறோம். இம்முறை கொள்முதல் கடிதத்திலேயே நான்கு செய்திகளை எழுதிக் கையொப்பம் வாங்கியாயிற்று: கலவைத் தாள் முன்கூட்டியே வர வேண்டும், ஒரு லாரி காலியாகும் முன் அடுத்த லாரி தெருவில் நிற்க வேண்டும், உதவியாளர் கடைசி லாரி வரை இருக்க வேண்டும், லாரியின் தண்ணீர்க் குழாயை அவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. முதல் மூன்றுக்கும் உடனே சரி என்றவர்கள், நான்காவதற்கு மட்டும் ஓட்டுநர்களிடம் பேசிவிட்டு மறுநாள்தான் கையெழுத்திட்டார்கள்.